சனிக்கிழமை அலாரம்

எங்கள் மலையடிவாரத்து ஆற்றங்கரையோடு கொஞ்ச தூரம் காரில் போனால் ஒஹையோ மாநிலம் வந்துவிடும். அங்கே பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க ஒரு கடிதம் போட்டால் போதும். இங்கே பென்சில்வேனியாவில் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவார்களா? கோடையிலேயே உறுதிமொழிப் பத்திரம், கூடவே பாடத்திட்டம், தடுப்பூசிச் சான்று, அப்புறம் வருடம் முழுக்கத் தினக்குறிப்பு, பிள்ளை எழுதியது வரைந்தது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃபைல். இத்தனையும் செய்த பிறகு ஜூன் முடிவதற்குள் மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த ஃபைலைப் பார்த்து, பிள்ளையோடு பேசி, படிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். மற்றதெல்லாம் கிடக்கட்டும், 'பிள்ளையோடு பேசி' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

என் மகள் ஹேட்டி வெளியாட்களிடம் பேச மாட்டாள். எட்டு வயது. வீட்டுக்குள் அவள் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது, காலையில் கண் விழித்ததும் பூனையிடம் ஆரம்பித்தால் இரவு படுக்கும்வரை ஓயாது. வாசலில் வேற்றாள் நிழல் விழுந்தால் போதும், கல்லாகிவிடுவாள். முதல் வகுப்பில் ஒரு வருடம் முழுக்கப் பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்க வாய் வராமல் நாற்காலியிலேயே நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடப் போன நான் அதைப் பார்த்தேன். அது பயம்தான், காலப்போக்கில் சரியாகும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார் மருத்துவர். பள்ளிக்காரர்கள் பக்கத்து ஊரில் தனி வகுப்பு இருக்கிறது, பஸ் வரும் என்றார்கள். உங்கள் பஸ்ஸும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே பள்ளியில்தான் என் கணவர் ரெஜிஸின் அக்கா பெர்னடெட் ஆசிரியை. நான் ஹேட்டியை நிறுத்தியதை அவள் முகத்தில் அறைந்ததாகவே எடுத்துக்கொண்டாள். ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"புள்ளகிட்ட பேசிப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, மேவிஸ். உம் பொண்ணு வாயே தொறக்கலன்னா யாரு கையெழுத்துப் போடுவா? செப்டம்பர்ல உங்க வாசல்ல பஸ் வந்து நிக்கத்தான் போகுது, பாத்துக்கோ."

தட்டில் இருந்த பன்றித் தொடையை அவளையே மெல்லுவது போல மென்றேன். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

எனக்கு ஒரே நம்பிக்கை நான் குளிர்காலத்திலேயே சொல்லி வைத்திருந்த மதிப்பீட்டாளர்தான். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து முயலுக்குக் கீரை கொடுத்துக்கொண்டே நேர்காணலை முடித்துவிடும் பெண் அவள். மே மாதம் கூரைத் தகரக் குழாயில் சேர்ந்த சருகை அள்ள ஏணியில் ஏறியவள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பாவம் என்று நினைப்பதற்கு முன்னால், 'ஜூன் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா' என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு கேவலமாக்கியிருந்தது என்னைப் பயம். வேறு யாரிடமும் இடம் இல்லை. மிசஸ் டெட்வைலர் ஒருத்தரிடம்தான் இருந்தது. அவரிடம் மட்டும் ஏன் எப்போதும் இடம் இருக்கிறது என்பது எங்கள் வட்டாரத்தில் வீட்டில் படிப்பிக்கிற எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை. பார்க்காததை எழுத மாட்டார், கேட்காததை எழுத மாட்டார். மகள் நிலைமையைத் தொலைபேசியில் சொல்லி, கேள்விகளுக்குப் பதிலை எழுதிக் காட்டினால் போதுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"எழுதட்டும், வேணாம்னு சொல்லல. நானே வீட்டுக்கு வரேன், புள்ள பழகின இடத்துலயே இருக்கட்டும். ஆனா ஒரு வார்த்தையாவது என் காதுல விழணும்மா. பொய்க் கையெழுத்து நான் போட்டதில்ல."

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. பிள்ளை பேசாவிட்டால் ஃபைலாவது பேசட்டும் என்று விழுந்து விழுந்து சேர்த்தேன். இதில் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையும் உண்டு. பாடத்திட்டம் என்று ஆகஸ்டில் எல்லோரும் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பார்கள், சட்டம் கேட்பதைக் கொடு, அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்பதுதான் பழகிய அம்மாக்கள் புதியவர்களுக்குச் சொல்கிற முதல் பாடம். நான் மேதாவி. லத்தீன், நட்சத்திரங்கள், தேனீ வளர்ப்பு, நதிகளின் வரலாறு என்று ஒரு புத்தகமே எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதினதற்காக வருடம் முழுக்க ஓடினேன். சனிக்கிழமைகளில்கூட சமையலறை மேசையில் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் என் உயிரை வாங்கியது புகை அலாரம். அது அக்டோபரில் தொடங்கியது. எங்களைப் போன்ற குடும்பங்கள் எல்லாம் அக்டோபரில் ஒரு நாள் கூட்டமாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் மாட்டிப் புகைப்படம் எடுப்பார்கள். நாங்களும் போனோம். கத்திக்கொண்டிருந்த பிள்ளைக் கூட்டத்தைப் பார்த்ததும் ஹேட்டி காரை விட்டு இறங்கவில்லை. திரும்பி வந்துவிட்டோம். அன்று சாயங்காலம் அவளைச் சிரிக்க வைக்க ரெஜிஸ் கூரையில் இருந்த அலாரத்தை அழுத்திக் கத்தவிட்டு, தரையில் தவழ்ந்து காட்டினார். புகை மேலே போகும், நீ கீழே போ. கதவைப் புறங்கையால் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே. வெளியே ஓடி ரோட்டோரத் தபால் பெட்டியிடம் நில். ஆட்களை எண்ணு. என்ன ஆனாலும் திரும்ப உள்ளே போகாதே.

ஹேட்டிக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை தவறாமல், பான்கேக் தின்ற வாயைத் துடைக்காமல், முக்காலியில் ஏறித் துடைப்பக் காம்பால் அந்தப் பொத்தானை அழுத்துவாள். ஊரே அதிரும். ரெஜிஸ் வயிற்றால் ஊர்ந்து போவார், அந்த உடம்பை வைத்துக்கொண்டு. நான் மேசையை விட்டு எழ மாட்டேன்.

"அம்மா, நீயும் வாம்மா."

"எனக்கு ஃபைல் வேலை கெடக்கு கண்ணு. நான் செத்துட்டேன்னு கணக்குல வச்சுக்கோ."

வெளியே தபால் பெட்டிப் பக்கமிருந்து அவள் குரல் கணீரென்று கேட்கும். அப்பா இருக்கார். பிஸ்கட் இருக்கு. அம்மா செத்துட்டா. பிஸ்கட் எங்கள் பூனை. நாங்கள் சிரிப்போம். இதெல்லாம் ரெஜிஸ் கிளப்பிவிட்ட கூத்து என்றுதான் என் மனதில் இருந்தது. ஒரு நாளும் ஒரு வரி நான் தினக்குறிப்பில் எழுதியதில்லை.

மிசஸ் டெட்வைலர் வருகிற நாளும் வந்தது. ரெஜிஸுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் பகல் வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. வீட்டில் நல்ல வாசனை இருந்தால் வருகிறவர் மனம் இளகும் என்று, கொல்லையில் இருந்த புளிப்பு ருபார்ப் தண்டுகளை நறுக்கிப் போட்டுக் கேக்குக்கு மாவு கலக்கினேன். பெரிய கேக் தட்டில் ஹேட்டியின் அவரை விதைகள் முளைவிட்டிருந்தன, அது அறிவியல் பாடத்துக்குச் சாட்சி. அதைக் கவிழ்க்க எனக்கு மனம் வருமா? இருந்த சின்னத் தட்டில் விளிம்பு வரைக்கும் மாவை ஊற்றி ஓவனுக்குள் தள்ளினேன்.

அவர் வந்தார். உயரமான உடம்பு, சாம்பல் நிறப் பாவாடை, கம்பளிச் சட்டை, விறைத்த முழங்கால்கள். சமையலறைக்கு அடுத்த கூடத்து மேசையில் உட்கார்ந்து ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஹேட்டி நாற்காலி நுனியில் பிஸ்கட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உனக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டார். ஹேட்டி பூனையின் காதைப் பார்த்தாள். எழுதிக் காட்டுகிறாயா என்றார். எழுதினாள். அழகாகவே எழுதினாள். கணக்குப் போட்டாள், ஆறுகளை வரைபடத்தில் தொட்டுக் காட்டினாள். மிசஸ் டெட்வைலர் தலையசைத்தார், இடையிடையே காத்திருந்தார், மறுபடி மெதுவாகக் கேட்டார். கடிந்து பேசவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நேற்று ராத்திரி என் மடியில் உட்கார்ந்து இதே கேள்விகளுக்கெல்லாம் கடகடவென்று பதில் சொன்ன பிள்ளை. 'ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா தங்கம்' என்று என் உடம்பே அவளைப் பார்த்துக் கெஞ்சியது.

பிறகு அவர் ஃபைலைப் புரட்டினார். ஆங்கிலம், பூகோளம், இசை, உடற்பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தவர் முன்னாலும் பின்னாலும் திருப்பினார்.

"தீ பாதுகாப்பு எங்கம்மா?"

எங்கள் சட்டம் பாடங்களை வெறும் பெயராகத்தான் சொல்லிக்கொண்டு போகும். தீயைப் பற்றி மட்டும்தான், அதன் ஆபத்தையும் அதைத் தடுப்பதையும் தொடர்ந்து விடாமல் சொல்லித் தர வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறது. தலைக்கவசப் படம் இல்லாத ஃபைலே இந்த மாநிலத்தில் கிடையாது. என் ஃபைலில் லத்தீன் இருந்தது, தேனீ இருந்தது, தீ இல்லை.

"அக்டோபர்ல நிலையத்துக்குப் போனோம்" என்றேன்.

"உள்ள போனீங்களா?"

"கார் நிறுத்துற எடம் வரைக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போது ஹேட்டி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியை விட்டு எழுந்து கூரையைக் காட்டினாள். அலாரத்தைக் காட்டுகிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை, மாடிக் கழிவறைக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இருந்த பதற்றத்தில், "சும்மா இரு கண்ணு" என்று தோளை அழுத்தி உட்கார வைத்தேன். ஒரு வருடமாக எந்தப் பிள்ளையின் வாயைத் திறக்கத் தவம் கிடந்தேனோ, அந்தப் பிள்ளையை நானே அடக்கினேன்.

கருகல் வாசனை அடித்தது. நான் சமையலறைக்கு ஓடினேன். சின்னத் தட்டிலிருந்து பொங்கி வழிந்த மாவு ஓவனுக்குள் சொட்டிப் பற்றிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக நாக்கு நீண்டது. குமிழைத் திருகி அணைத்தேன். அதற்குள் கதவிடுக்கால் புகை குபுகுபுவென்று கிளம்பிவிட்டது. கூரையில் அலாரம் அலறியது.

"கீழ குனிங்க."

திரும்பிப் பார்த்தேன். ஹேட்டி மிசஸ் டெட்வைலரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக் குரல். கணீரென்ற அதே குரல்.

"முட்டி போடுங்க. பொக மேலதான் இருக்கும். எனக்குப் பின்னாலயே வாங்க."

"எனக்கு முட்டி மடங்காதே, கண்ணு."

"கொஞ்ச தூரம்தான். வாங்க."

அந்த அம்மாள் சாம்பல் பாவாடையோடு தரையில் தவழ்ந்தார். ஹேட்டி ஒரு கையில் பூனையோடு முன்னால் தவழ்ந்து, கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் திறந்தாள். நானும் இருமிக்கொண்டே பின்னால் போனேன். தபால் பெட்டியிடம் போய் நின்றதும் அவள் விரல் நீட்டி எண்ணினாள்.

"மிசஸ் டெட்வைலர் இருக்காங்க. பிஸ்கட் இருக்கு. அம்மா..."

அவள் கண் என்னைத் தேடியது. நான் பெட்டியிடம் இல்லை. பாதி வழி திரும்பிப் போயிருந்தேன். ஃபைல் மேசைமேல் கிடந்தது. ஒரு வருட உழைப்பு, அவள் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் அதற்குள். அது எரிந்துபோனால் கையில் என்ன இருக்கும், எதைக் காட்டுவேன், செப்டம்பரில் பஸ் வந்து நிற்குமே. வெறும் கேக்குத் தீதானே, இரண்டு எட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று படியில் கால் வைத்தேன்.

பின்னாலிருந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"உள்ள போகக் கூடாது."

"ஃபைல்டா கண்ணு, ஒரே நிமிஷம்."

"அது பேப்பர்மா." அழுதுகொண்டே கத்தினாள். "நீ எல்லாச் சனிக்கிழமையும் செத்துப் போறே. இன்னிக்கு சாகக் கூடாது."

அது எங்களுக்குத்தான் விளையாட்டு. வாராவாரம் அந்தப் பெட்டியிடம் நின்று அம்மா செத்துவிட்டாள் என்று எண்ணிய பிள்ளைக்கு அது என்னவாக இருந்தது என்று நான் ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. படியிலிருந்து காலை எடுத்தேன். என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தபால் பெட்டியிடம் நிறுத்தினாள். "அம்மா இருக்கா" என்று எண்ணி முடித்தாள்.

பிறகு மிசஸ் டெட்வைலரிடம் கை நீட்டினாள். அவர் கம்பளிச் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் என் மகள் தன் முழுப் பெயரைச் சொன்னாள். க்ரோ ஹாலோ ரோடு, வெள்ளை சர்ச் தாண்டி ரெண்டாவது வீடு, ஓவன்ல தீ, எல்லாரும் வெளிய வந்துட்டோம், உள்ள யாரும் இல்ல. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன்.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு மலை ஏறி வந்தது. பக்கத்து ஊர்த் தன்னார்வலர்கள்தான், தங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கரிக்கட்டையாகிப்போன கேக்கைத் தட்டோடு கொண்டுவந்து புல்லில் வைத்தார்கள். உள்ளே வேறு எதுவும் எரியவில்லை. ஃபைலும் பத்திரமாகத்தான் இருந்தது. நீதான் கூப்பிட்டாயா என்று ஒருவர் குனிந்து ஹேட்டியைக் கேட்டுத் தன் தலைக்கவசத்தை நீட்டினார். அவ்வளவுதான், அவள் என் பின்னால் ஒளிந்து மறுபடி கல்லாகிவிட்டாள். பழைய பயம் எனக்கு மறுபடி வந்தது. இதோ, பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார் அந்த அம்மாள்.

மிசஸ் டெட்வைலர் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஹேட்டியின் முன்னால் வந்து நின்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை, அலுவல் விஷயமாகவே கேட்டார்.

"என் பேனா உள்ள இருக்கு. நான் இப்ப உள்ள போலாமா?"

ஹேட்டி என் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தீயணைப்புக்காரர் தலையசைப்பதைப் பார்த்தாள். அப்புறம் மெல்லிய குரலில், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்பப் போலாம். கதவத் தொட்டுப் பாத்துட்டுப் போங்க."

அவரும் புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

திரும்பி வந்தவர் சான்றிதழைத் தபால் பெட்டியின்மேல் வைத்து எழுதினார். தீ பாதுகாப்புக்கு என்னிடம் ஒரு தேதிகூட இல்லையே, நான் எதையும் எழுதி வைக்கவில்லையே என்று நான்தான் தடுமாறினேன். என் நாக்கு சும்மா இருக்காது.

"தொடர்ந்து, விடாம சொல்லித் தரணும்னுதான சட்டம் கேக்குது" என்றார், எழுதுவதை நிறுத்தாமல். "விடாமத்தான் நடந்திருக்கு. என் முட்டிக்குத் தெரியும்."

கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"புள்ளகிட்ட எனக்கு ஒரு கொறையும் இல்ல. அவ அம்மாதான் பாஸ் ஆகல. அத நான் எங்கயும் எழுதல, பயப்படாதீங்க."

வண்டி மணியடித்துப் போனது அதற்குள் பெர்னடெட் காதுக்கு எட்டியிருந்தது. யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கூப்பிட்டாள், அவளையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம், செப்டம்பரில் பஸ்ஸை வேறு வாசலுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஹேட்டி முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மேசையில் அடுத்த வருடத்துப் பாடத்திட்டம் கிடந்தது. ஒரே பக்கம்தான், அதுவும் பாதியில் நின்றது. அவள் பொத்தானை அழுத்துவதற்கு முன் என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. அலாரம் அலறியதும் பேனாவைப் போட்டுவிட்டுத் தரையில் விழுந்து ஊர்ந்தேன். பின்னால் ரெஜிஸ் சிரித்தது கேட்டது. ஈரப் புல்லில் முழங்கையெல்லாம் சேறாகி நான் தபால் பெட்டியைத் தொட்டபோது, அவள் அப்பாவையும் பூனையையும் விட்டுவிட்டு முதலில் என்னை எண்ணினாள்.